மேலே போனால் மட்டும் அடிக்கடி சிறுநீர் வருகிறதே?

அக்கா, கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலைமேல் இருக்கும் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனால் மணிக்கொரு தடவை சிறுநீர் வருகிறது, தாகமே இல்லை, சர்க்கரையோ என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் இது குளிரின் வேலைதான். மலை ஏறும்போது கையில் மயிர்க்கூச்செறிகிறதே, அப்போதே மூளையடியில் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் ஹைப்போதலாமஸ் வேலையைத் தொடங்கிவிட்டது. உடம்புச் சூட்டை 37 டிகிரியை ஒட்டி வைக்க, தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்தத்தை உள்ளே திருப்புகிறது. உள்ளே ரத்தம் கூடியதும் 'தண்ணீர் மிச்சம்' என்று கணக்குப் போட்டு, வாசோபிரசின் சுரப்பைக் குறைக்கிறது. சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்துவைப்பது அந்த ஹார்மோன்தான். அது குறைந்தால் நீர் இறங்கிவிடும். தாகமும் மந்தமாகும்.

தயவுசெய்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். என் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஒதுங்க மறைவில்லை என்று பால் ஊற்றாத ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவோடு பகலை ஓட்டி, நீர்க்கடுப்பில் ரொம்பத் துடித்தார். தாகம் எடுக்காவிட்டாலும் வெந்நீர் கொண்டுபோய்க் குடியுங்கள், காதையும் மூடிக்கொள்ளுங்கள்.

கீழே வீட்டிலும் ராத்திரி பலமுறை எழுந்தாலோ, தாகத்தோடு எடை குறைந்தாலோ அது வேறு. அப்போது வெறும்வயிற்றில் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.