படுத்தால் இருமும் ஜூலி

கேள்வி: எங்கள் பொமரேனியன் ஜூலிக்கு 11 வயது. ஒரு மாதமாக ராத்திரி படுத்ததும் இருமுகிறாள். கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரையைத் துப்புகிறாள். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்கிறார் மாமியார். பகலில் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். பையனுக்கு வாங்கிய இருமல் சிரப்பில் அரை மூடி கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள் அம்மா. நமக்கான சிரப்புகளில் பாராசிட்டமாலோ மூக்கடைப்பு மருந்தோ கலந்திருக்கும். சர்க்கரை இல்லாதது என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம். நாய்க்கு இவை ஆபத்து.

எலும்பு சிக்கிய நாய்க்கு எச்சில் ஒழுகும், விழுங்கத் திணறும். ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்காது. இருமி முடித்ததும் ஓங்கரித்து நுரை துப்புவது நாய்களுக்குச் சகஜம். அதை வாந்தி என்று நினைத்தே பலர் என்னிடம் கூட்டிவருகிறார்கள்.

வயதான சிறிய நாய், அதுவும் படுத்தால் இருமல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதயத்தைத்தான். இதயத்தின் இடப்பக்கத்தில் கதவு மாதிரி இருக்கும் மைட்ரல் வால்வு வயதாக ஆகத் தடித்து, சரியாக மூடாமல் போகும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும். இடது மேலறை பெருத்து, பக்கத்தில் போகும் மூச்சுக்குழாயை அழுத்தும். முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். ஜூலி அசந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவு கண்டு காலை உதறும் நேரத்தில் எண்ண வேண்டாம், கணக்கு தப்பும். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நுரையீரலில் நீர் இருக்க வாய்ப்பு குறைவு. திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் விடிந்ததும் டாக்டரிடம் போய்விடுங்கள். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலும், கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கயிற்றை இழுக்கும்போதோ ஆளைக் கண்டு துள்ளும்போதோ வாத்து கத்துவது போல இருமினால், மூச்சுக்குழல் தளர்ந்திருக்கலாம். பொமரேனியனுக்கு இதுவும் அதிகம். இதய நோயோடு சேர்ந்தே வருவதும் உண்டு. எதுவானாலும் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் பட்டை வாங்குங்கள். அப்புறம், அறையில் கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா? தரையில் படுக்கும் ஜூலிக்குத்தான் அந்தப் புகை முதலில் போகும். நிறுத்திவிடுங்கள்.

மூச்சு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிட வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜூலி இருமுவதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் பெரும்பாலும் இரும மாட்டாள். மார்பு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுப்பார்கள். இதயம் பெருத்திருந்தால் பிமோபெண்டான், நீர் கோத்திருந்தால் ஃப்யூரோசமைடு என்ற நீர் மாத்திரை தருவது வழக்கம். இந்த மாத்திரைகளோடு நல்லபடியாக நடமாடும் நாய்கள் என்னிடம் நிறைய வருகின்றன. அப்பளம், கருவாடு மாதிரி உப்பு அதிகமானவை மட்டும் வேண்டாம். நீர் மாத்திரை தொடங்கினால் அடிக்கடி சிறுநீர் போவாள். அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள்.