தடை விதித்த பிறகும் இறால் பண்ணைகள் நடப்பது எப்படி?

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளைச் சுட்டி, உச்ச நீதிமன்றம் தடுத்தும் இவை நடக்கின்றன என்றால் நீதிமன்றத்துக்கு என்னதான் அதிகாரம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பண்ணைக்குளத்து உவர்நீர் கசிந்து குடிநீர்க் கிணறுகள் உப்புக்கரிப்பது, கழிவுநீர் ஓடை வழியே கடலில் கலப்பது போன்ற பாதிப்புகளை முன்வைத்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கடற்கரையை ஒட்டித் தொழில்களுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதிக்குள்) இருக்கும் மரபுசாராப் பண்ணைகளை அகற்றும்படி 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் புதிதாக எந்தச் சட்டத்தையும் இயற்றிவிடவில்லை; அம்மண்டலத்தில் தொழில்களைத் தடுத்து 1991இல் மத்திய அரசே வெளியிட்ட அறிவிக்கையை அரசே காற்றில் விட்டதைத்தான் பிடித்துக்கொண்டது. தீர்ப்பின் வலிமையும் வரம்பும் அதிலேயே இருந்தன, ஏனெனில் விதியை மாற்றிவிட்டால் தீர்ப்பு நிற்க இடமில்லை.

மறுஆய்வு மனுக்களால் அந்த ஆணை செயலுக்கு வராமலே இருந்த நிலையில், 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, 1991ஆம் ஆண்டுத் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டே சொல்லிவிட்டது. இதை நீதிமன்றத்தின் தோல்வி என்று நான் கொள்ளமாட்டேன்; பண்ணைக்குப் பதிவு கட்டாயம், உயர் அலைக் கோட்டிலிருந்து (உயர் அலை எட்டும் எல்லையிலிருந்து) 200 மீட்டருக்குள் புதிய பண்ணை கூடாது என்று அச்சட்டம் அப்போது வைத்த விதிகள் அந்த வழக்கின் அழுத்தம் இல்லாமல் வந்திருக்கும் என்று தோன்றவில்லை. பதிவில்லாத பண்ணை ஊருக்கு அருகே நடந்து, அதிகாரிகளும் கண்டுகொள்ளாவிட்டால், அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை இன்றும் அணுகலாம்.