மாத்திரை அதேதான், பில் மட்டும் ஏன் ஏறுகிறது? அமெரிக்க இன்ஷூரன்ஸ் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, போன வருடம் 10 டாலர் கொடுத்து வாங்கிய மாத்திரைக்கு இந்த ஜனவரியில் 45 டாலர் கேட்கிறார்கள். மருந்தும் மாறவில்லை, இன்ஷூரன்ஸும் மாறவில்லை. என்ன நடந்தது?

பதில்: அநேகமாக மருந்து வேறு அடுக்குக்குப் போயிருக்கும். ஒவ்வொரு திட்டமும் ஃபார்முலரி என்று ஒரு மருந்துப் பட்டியல் வைத்திருக்கிறது, வருடா வருடம் அதை மாற்றவும் செய்கிறது. கீழ் அடுக்குகளில் ஜெனரிக் (பிராண்டு மருந்தின் அதே மூலப்பொருளோடு வரும் விலை குறைந்த மருந்து), அடுத்து இன்ஷூரன்ஸ்காரர்கள் நல்ல தள்ளுபடி பேசி வைத்திருக்கும் பிராண்டு, அதற்கு மேல் அப்படிப் பேசாத பிராண்டு, உச்சியில் விலை எகிறும் ஸ்பெஷாலிட்டி மருந்துகள். மேலே போகப் போக உங்கள் பங்கு கூடும். மேல் அடுக்கில் இருப்பதால் உசத்தி மருந்து என்று நினைக்காதீர்கள். சாதாரண ஜெனரிக்கையே மூன்றாம் அடுக்கில் தள்ளியிருப்பதும் உண்டு. கேட்டால் பதில் வராது. வருடாந்திர டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) பெரும்பாலும் ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மெடிகேர் பார்ட் டி (முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸின் மருந்துப் பகுதி). ஐந்தாம் அடுக்கு, அதாவது ஸ்பெஷாலிட்டி மருந்துக்கு 33% என்று போட்டிருக்கிறது. மற்றதற்கெல்லாம் டாலர் கணக்கு, இதற்கு மட்டும் ஏன் சதவீதம்?

பதில்: டாலர் கணக்கு கோபே, சதவீதம் கோஇன்ஷூரன்ஸ். சதவீதம் என்றால் மருந்து விலை ஏறும்போது உங்கள் பங்கும் ஏறும். மாதம் 3,000 டாலர் மருந்து, டிடக்டிபிள் இல்லாத திட்டம் என்று வைத்துக்கொள்வோம்: ஜனவரியில் 990, பிப்ரவரியில் 990. ஆனால் பார்ட் டியில் நீங்கள் வருடத்தில் கையிலிருந்து கட்டும் தொகைக்கு 2026-க்கு உச்சவரம்பு 2,100 டாலர். ஆக மார்ச்சில் 120 கட்டினால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கட்டியது இந்த வரம்பில் சேராது. மொத்தமாகக் கட்டச் சிரமமாக இருந்தால் மாதத் தவணையாகப் பிரித்துத் தரும்படி திட்டத்திடமே கேட்கலாம்.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஃபார்மசியில் ‘ஸ்டெப் தெரபி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: முதலில் விலை குறைந்த மருந்தைச் சாப்பிட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் இதற்கு வாருங்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே சாப்பிட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் அதை எழுதி விதிவிலக்கு கேட்கட்டும். பார்ட் டியில் டாக்டரின் விளக்கம் கிடைத்த 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் என்றால் 24. கீழ் அடுக்கு விலைக்கே கொடுங்கள் என்றும் இதே வழியில் கேட்கலாம், ஸ்பெஷாலிட்டி அடுக்குக்கு மட்டும் அது செல்லாது.

கேள்வி: மேடம், அம்மாவுக்கு மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து பட்டியலிலேயே இல்லையே?

பதில்: மெடிகேரில், டாக்டர் இடத்திலோ மருத்துவமனையில் அட்மிட் ஆகாமலோ ஏற்றுவது பெரும்பாலும் பார்ட் பி (டாக்டர் சேவைகளுக்கான பகுதி). அங்கே அடுக்கு கிடையாது. டிடக்டிபிளுக்குப் பிறகு பொதுவாக 20% உங்கள் பங்கு.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி கிடைக்குமா?

பதில்: எடைக்காக மட்டும் என்றால் பார்ட் டி சட்டத்தில் இடமில்லை. எந்த நோய்க்கு எழுதுகிறார்கள் என்பதுதான் கணக்கு. செமாக்ளுடைட் சேர்ந்த ஓசெம்பிக்கைச் சர்க்கரை நோய்க்கு எழுதினால் திட்டம் ஏற்கலாம்.

கேள்வி: மருந்துக் கம்பெனி தரும் தள்ளுபடிக் கூப்பன்?

பதில்: மெடிகேரோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. வேலை வழி இன்ஷூரன்ஸில் முடியும். ஆனால் கூப்பன் தொகையை டிடக்டிபிளில் சேர்ப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல திட்டங்கள் சேர்ப்பதில்லை.