கேஸ் கட்டும் குடும்பமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் கணவர் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பார்ட்னர். ஒரு கொலை வழக்கை எடுத்ததிலிருந்து வீட்டில் வாயே திறப்பதில்லை. கேட்டால் "தொழில் ரகசியம்" என்கிறார். மனைவியிடம் கூடவா?

பதில்: மனைவியிடமும்தான் அம்மா. அந்த ரகசியம் அவருடையதல்ல, கட்சிக்காரருடையது. கட்சிக்காரர் செத்தாலும் வக்கீலுக்கு விடுதலை கிடையாது. அமெரிக்க வெள்ளை மாளிகையில் பணியாற்றிய வின்சென்ட் ஃபாஸ்டர், 1993-ல் இறப்பதற்கு 9 நாள் முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசினார். வக்கீல் கையால் 3 பக்கம் குறிப்பெடுத்தார். பின்னால் வந்த விசாரணையில் அந்தக் குறிப்பைக் கேட்டார்கள். தர வேண்டியதில்லை என்று 1998-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கணவரின் கட்சிக்காரரோ உயிரோடு இருக்கிறார், அதுவும் கொலை வழக்கில்.

ஆனால் ரகசியம் வழக்குக்குத்தான், அவர் மனசுக்கு இல்லை. "ராத்திரி தூக்கம் வரவில்லை, இந்த வழக்கு தோற்றால் தாங்க மாட்டேன்" என்று உங்களிடம் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. என் ஜூனியர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பெயரையும் விவரத்தையும் அலுவலகத்திலேயே வை, பயத்தை வீட்டுக்குக் கொண்டு போ. எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதும் தொழில் ரகசியமல்ல. அதற்கும் இதே பதிலைச் சொன்னால் நீங்கள் குறுக்கு விசாரணையை ஆரம்பிக்கலாம்.

கேள்வி: நானும் மனைவியும் வக்கீல்கள், வேறு வேறு அலுவலகம். ஒரு சொத்து வழக்கில் எதிரெதிராக ஆஜராகும்படி வந்திருக்கிறது. ஆகலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதிகளைப் பார்த்தால், இரு தரப்புக் கட்சிக்காரர்களும் விவரம் தெரிந்து சம்மதித்தால் ஒழியக் கூடாது என்கின்றன. சரி, சம்மதம் வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி பதினொரு மணிக்குக் கட்சிக்காரர் போன் செய்வார், நீங்கள் வாசலுக்கு ஓட வேண்டும். பிரிண்டரில் மறந்துவிட்ட ஒரு தாள் போதும், வீடு இரண்டாகிவிடும்.

அப்புறம் சமரசப் பேச்சு. மனைவி "இதற்கு மேல் ஒரு பைசா இறங்க மாட்டோம்" என்று சொல்லும்போது, அது நிஜமா ஜம்பமா என்று குரலை வைத்தே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவருக்கும் உங்கள் குரல் அப்படியே. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவீர்கள்? போதாக்குறைக்கு, தோற்ற கட்சிக்காரர் 'புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள்' என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த விதிகளின்படி இந்தத் தடை பொதுவாக உங்களோடு நின்றுவிடுகிறது, அலுவலகம் முழுவதற்கும் ஒட்டுவதில்லை. கேஸ் கட்டைச் சக வக்கீலிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

கேள்வி: டிவி தொடர்களில் வக்கீல்கள் கட்சிக்காரரையே காதலிக்கிறார்களே, நிஜத்தில் முடியுமா?

பதில்: காதல் யாரைக் கேட்டு வருகிறது? ஆனால் வழக்கு முடியும் வரை பொறுக்க வேண்டும், அல்லது வழக்கை விட வேண்டும். ஏற்கெனவே இருந்த உறவு தவிர, கட்சிக்காரரோடு பாலுறவு கூடாது என்று அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதிகளில் 2002-ல் வெளிப்படையாகவே சேர்த்தார்கள். விவாகரத்துக்கு வந்தவர் அழுதுகொண்டே முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீடும் குழந்தையும் வக்கீல் கையில். அந்த நிலையில் அவர் சொல்லும் "சரி"யை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: சட்டம் முடித்த என் மகளைப் பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. குடும்ப வாழ்க்கையே போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 12,825 வக்கீல்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மேல் குடியில் சிக்கல் இருந்தது; 28 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பல பெரிய நிறுவனங்களில் ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டி, ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு எழுத வேண்டும். எந்தக் கட்சிக்காரருக்காக, என்ன வேலை என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. இதில் பழகியவர்கள் வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கஷ்டமான வழக்குகள்தான் தொழிலைக் கற்றுத் தரும், அவை அங்கேதான் நிறைய வரும். சம்பளத்தை அப்புறம் பேசச் சொல்லுங்கள். முதலில் அங்கே இருக்கும் ஜூனியர் யாரையாவது தனியாகப் பிடித்து, கடைசியாக எப்போது லீவு கேட்டாய், சீனியர் என்ன சொன்னார் என்று விசாரிக்கட்டும்.