கயிற்றைத் தொடையில் மாட்டுங்கள்: வேகப் படகு விபத்துகள் பற்றிய கேள்வி பதில்

வேகப் படகு ஓட்டுவதும், ஓட்டக் கற்றுக்கொடுப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. விபத்துகள், பயணிகளின் பாதுகாப்பு ஆகிய இரண்டைப் பற்றியும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த இன்ஜின் நல்லது, எந்தப் படகு மலிவு என்பவற்றை விற்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: படகில் எந்த இடம் பாதுகாப்பானது? பிள்ளைகள் முன்னால் உட்காரத்தான் அடம்பிடிக்கிறார்கள்.

பதில்: பின்பகுதி, அதிலும் நடுவை ஒட்டிய இருக்கை. அலையில் படகு எழுந்து விழும்போது அதிகம் எழுவதும் அதிகம் விழுவதும் அணியம், அதாவது படகின் முன்முனைதான். அங்கே உட்கார்ந்தவருக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். அலையின் உச்சியைத் தாண்டியதும் படகு கீழே இறங்கிவிடுகிறது. ஆள் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறார். அவர் விழத் தொடங்கும் நேரத்தில் அடுத்த அலை படகை மேலே தள்ளுகிறது. விழும் உடலும் எழும் இருக்கையும் மோதுகின்றன. அந்த அடி நேராக முதுகுத்தண்டில் இறங்குகிறது.

ஒரு முறை அணியத்தில் இருந்த பெண்மணி ஒருவர், ஒரே ஓர் அலைக்குப் பிறகு, கைப்பிடிக் கம்பியை விடாமல் வாயைத் திறந்து மூடினார். பேச்சு வரவில்லை, முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எக்ஸ்ரே எடுத்தபோது கீழ் முதுகில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. அதனால் சொல்கிறேன்: அலையில் அடிபட்டவர் மூச்சுத் திணறினாலோ முதுகு வலிக்கிறது என்றாலோ உடனே படகை நிறுத்துங்கள். அவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அசையாமல் வைத்துக்கொண்டு உதவிக்கு அழையுங்கள்.

ஓட்டுபவர் வரும் அலையைப் பார்க்கிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார், முழங்காலைத் தளர்த்திக்கொள்கிறார். பயணிக்கு இதில் எதுவும் கிடையாது. ஆகவே ஓட்டுபவர் தமக்குச் சுகமான வேகத்தை அளவாகக் கொள்ளக் கூடாது. முன்னால் இருப்பவரின் உடம்பு எதைத் தாங்குமோ அதுதான் வேகம். கர்ப்பிணிகளையும் முதுகு, கழுத்துக் கோளாறு உள்ளவர்களையும் இந்தச் சவாரிக்கு அழைத்துப் போகவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

பதில்: அவசியம். 40 நாட் என்பது மணிக்கு 74 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தண்ணீரில் விழுபவர் நினைவிழக்கலாம், தோள்மூட்டு விலகலாம். நினைவில்லாதவருக்கு நீச்சல் தெரியாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டுக் கணக்குகளில், படகு விபத்துகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மூழ்கித்தான் இறக்கிறார்கள்; அப்படி மூழ்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜாக்கெட் அணியாதவர்கள்.

அணிந்த பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே பட்டை உள்ளதாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஓட்டுபவரின் இருக்கை அருகே சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்குகிறதே, அது எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அது கில் சுவிட்ச் கயிறு. ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறு முனை ஓட்டுபவரின் உடலில். அவர் இடத்தைவிட்டு வீசப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் அணைந்துவிடும்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆளில்லாத படகு நேராகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. ஸ்டீயரிங்கை விட்டதும், படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரின் சுழற்சி அதை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். படகு வட்டமடித்து, விழுந்தவர்கள் மிதக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். நிமிடத்துக்கு 3,200 சுற்று சுழலும் மூன்று இதழ் புரொப்பல்லர் நொடிக்கு 160 முறை வெட்டும்.

2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வாலில், கேமல் கழிமுகத்தில் நடந்தது இதுதான். ஒரே குடும்பத்தினர் ஆறு பேர். வேகத்தில் ஒரு கூர்மையான திருப்பம்; ஆறு பேரும் தண்ணீரில் வீசப்பட்டார்கள். கயிறு படகில் இருந்தது, யார் உடலிலும் மாட்டப்படவில்லை. வட்டமடித்து வந்த படகு தந்தையையும் எட்டு வயது மகளையும் கொன்றது. மற்றவர்களுக்கும் காயங்கள்.

கயிற்றை மணிக்கட்டில் கட்டாதீர்கள், ஸ்டீயரிங்கில் சிக்கும். தொடையைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் கொக்கியை அந்தக் கயிற்றிலேயே மாட்டுங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் இன்ஜினை ஓடவிட்டுக் கயிற்றைப் பிடுங்கிச் சோதியுங்கள். உப்பும் வெயிலும் பட்டுச் சுருள் விறைத்திருந்தால், வெளுத்து வெடித்திருந்தால், அன்றே மாற்றுங்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைவான படகுகள் வேகமெடுத்து ஓடும்போது இதை மாட்டியிருப்பது சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாத இடத்திலும் புரொப்பல்லர் ஒன்றுதான்.

கேள்வி: காரில் சீட் பெல்ட் கட்டாயம். வேகப் படகில் மட்டும் ஏன் இல்லை? பயணி வெளியே விழாமல் இருந்தாலே பாதி உயிர்கள் பிழைக்குமே?

பதில்: திறந்த படகில் பெல்ட் கூடாது. கார் கவிழ்ந்தால் உள்ளே காற்று இருக்கும். படகு கவிழ்ந்தால் உங்கள் தலை தண்ணீருக்குள், உங்களுக்கு மேலே படகு.

கேள்வி: பத்து நிமிடச் சவாரிக்குக்கூட லைஃப் ஜாக்கெட் போட வேண்டுமா?

பதில்: ஆம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பந்தயப் படகுகள் காகிதம்போல மேலே பறந்து கவிழ்கின்றனவே, ஏன்?

பதில்: மிகுந்த வேகத்தில் படகின் பெரும்பகுதி தண்ணீரைத் தொடுவதே இல்லை. அடியில் புகும் காற்று அதைத் தாங்குகிறது. ஏதோ ஓர் அலை அணியத்தைச் சற்று உயர்த்தினால் இன்னும் காற்று புகுகிறது. அது இன்னும் உயர்த்துகிறது. ஓர் எல்லைக்குப் பின் யாராலும் அதை இறக்க முடியாது. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பெல் தம் ‘புளூபேர்ட்’ படகில் உலக வேகச் சாதனைக்கு முயன்றபோது அப்படித்தான் இறந்தார். வேகம் மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒரு திசையில் ஓடி முடித்து, அந்த ஓட்டத்தில் எழுந்த அலைகள் முழுதும் அடங்கும் முன்பே திரும்பியிருந்தார். 1978இல் ஆஸ்திரேலியாவின் கென் வார்பி மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய சாதனையை இதுவரை எவரும் முறியடிக்கவில்லை. முயன்று இறந்தவர்கள் உண்டு.

கேள்வி (பெல்ட் பற்றிக் கேட்டவர்): ஐயா, ஏற்க முடியவில்லை. பந்தயப் படகோட்டிகள் பெல்ட் அணிகிறார்களே!

பதில்: அணிகிறார்கள். அவர்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீரைத் தொட்டும் தொடாமலும் பாயும் ஹைட்ரோபிளேன் படகுகளின் அமெரிக்கப் பந்தயத்தில் 1982இல் டீன் செனோவெத் இறந்தார். அவர் ஓட்டிய ‘மிஸ் பட்வைசர்’ அணி, 1986இல் எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூடாரத்தைப் படகில் பொருத்தியது. மூடிய கூடு, சுவாசிக்கக் காற்று, தப்பிக்க வழி, இவற்றோடு சேர்ந்ததுதான் பெல்ட். இவை இல்லாத படகில் பெல்ட்டை மட்டும் எடுத்துப் பொருத்துவது ஆளைப் படகோடு சேர்த்துக் கட்டி மூழ்கடிப்பதாகும்.

கேள்வி (இன்னொருவர்): ஒரே அழுத்தில் கழலும் பெல்ட் இருக்கிறதே? அது போதாதா?

பதில்: பயிற்சிக் கூண்டில் என்னை உட்கார வைத்துத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்தார்கள். கவிழப் போகிறது என்று எனக்குத் தெரியும். கொக்கி எங்கே என்று தொட்டுப் பார்த்து வைத்திருந்தேன். கவிழ்ந்ததும் மூக்கில் தண்ணீர் ஏறியது. மேல் எது, கீழ் எது என்று புரியவில்லை. கை இடப்பக்கம் துழாவியது. கொக்கி வலப்பக்கம் இருந்தது. மூன்றாவது முறைதான் பதறாமல் கழற்றினேன். சுற்றுலாவுக்கு வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சியை யார் தந்திருப்பார்கள்?

கேள்வி (பெல்ட் பற்றிக் கேட்டவர்): அப்படியானால் வீசப்பட்டுச் சாவது பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் கவலை நியாயமானது. கேமல் கழிமுகத்தில் வீசப்பட்டவர்கள்தான் இறந்தார்கள். ஆனால் அங்கே தேவைப்பட்டவை தொடையில் ஒரு கயிறும் திருப்பத்துக்கு முன் குறைந்த வேகமும். பயணி இரு கைகளாலும் பிடிக்க உறுதியான கைப்பிடி வேண்டும். காற்றடைத்த ரப்பர் படகாக இருந்தால், அதன் விளிம்பிலுள்ள காற்றுக் குழாயில் யாரும் உட்காரக் கூடாது. திரும்பும் முன் “இடம்” அல்லது “வலம்” என்று உரக்கச் சொல்லி, எல்லோரும் பிடித்துக்கொண்டார்களா என்று பார்த்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். திறந்த படகில் பெல்ட் வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு வேகம் போகிறதென்றால் அந்த வேகம் பயணிகளுக்கானது அல்ல.

கேள்வி: கரையோரமாகத்தான் போகிறோம். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. மூன்றாவது முறையாக இதே கேள்வி. வீசப்படும் நொடியில் மடியில் இருப்பது மடியில் இருக்காது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: பெரிய கப்பல் எழுப்பும் அலையைக் குறுக்கே தாண்டலாமா? நண்பர்கள் அதில்தான் சுவாரசியம் என்கிறார்கள்.

பதில்: ஃபார்முலா 1 ஓட்டுநராக இருந்த டிடியே பிரோனி 1987 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வைட் தீவு அருகே படகுப் பந்தயத்தில், எண்ணெய்க் கப்பல் எழுப்பிய அலையில் ஏறிக் கவிழ்ந்து இறந்தார். உடன் இருந்த இருவரும் இறந்தார்கள். மூவரும் பந்தயக்காரர்கள். உங்கள் படகில் இருப்பவர்கள் பயணிகள். வேகத்தை நன்றாகக் குறைத்து, அலையைச் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டு மெதுவாக ஏறி இறங்குங்கள்.

அலையிலேயே கண்ணை வைத்திருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2020 ஆகஸ்டில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நீர்ப்பரப்பில், பயணிகளோடு போன ‘சீடாக்ஸ்’ என்ற படகு பட்டப்பகலில் 38.4 நாட் வேகத்தில் ஒரு மிதவையில் மோதியது. பதினைந்து வயதுச் சிறுமி இறந்தாள். அந்த வேகத்தில் பத்து நொடி என்பது ஏறத்தாழ 200 மீட்டர். பின்னால் திரும்பிப் பயணிகளோடு பேசி முடிப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும்.

கேள்வி: இரண்டு பீர் குடித்துவிட்டு ஓட்டினால் தவறா?

பதில்: தவறு.

கேள்வி: நானும் என் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். ஓடும்போதே இடம் மாறிக்கொள்ளலாமா? மெதுவாகத்தான் போவோம்.

பதில்: கூடாது. கயிறு யாரிடமும் இல்லாத நேரம் அதுதான். ஒருவர் எழும்போது முழங்கை வேகத்தைக் கூட்டும் நெம்புகோலான திராட்டிலில் பட்டால் போதும், படகு பாய்ந்துவிடும். முதலில் இன்ஜினை அணையுங்கள். உங்கள் தொடையிலிருந்து கயிற்றைக் கழற்றுங்கள். உங்கள் மனைவி இருக்கையில் அமர்ந்து, தம் தொடையில் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். அதன் பிறகு அவரே இன்ஜினைக் கிளப்பட்டும்.