எதிர்பார்ப்பு நம் நடத்தையை எப்படி மாற்றுகிறது?

எதிர்பார்ப்பு என்பது வேறொன்றுமில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று மனசு முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு. எல்லாம் நடந்து முடிந்த பிறகு யோசித்தால் தாமதமாகிவிடும் என்பதால், மூளை பழைய அனுபவத்தை வைத்து ஊகித்து உடம்பையும் தயார் செய்துவிடுகிறது. வாளி நிறைய தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கினால் கை சட்டென்று மேலே போகுமே, அதேதான்.

மனிதர்களிடமும் இப்படித்தான். 'இவர் எரிந்து விழுவார்' என்று நினைத்துக்கொண்டே போனால் நம் குரலே விறைப்பாக இருக்கும், அவரும் விறைப்பாகப் பதில் சொல்வார், அப்புறம் 'நான் அப்பவே நினைச்சேன்' என்போம். தொடங்கி வைத்தது நாம் என்பது மட்டும் நினைவில் இருக்காது!

1968இல் உளவியலாளர் ரோசந்தால், பள்ளி முதல்வர் ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட அமெரிக்கப் பள்ளி ஆய்வு ஒன்று உண்டு. குலுக்கல் போல எடுத்த சில குழந்தைகளைக் காட்டி, 'இவர்கள் நன்றாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக ஏறியது. (ஆய்வு முறை பற்றிப் பிறகு பெரிய சண்டையே நடந்தது, அது வேறு கதை.)

சரி, நல்லதை நினைத்தாலே நல்லது நடந்துவிடும் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். மாறுவது நம் கவனமும் நடத்தையும்தான், மழையோ தேர்வு வினாத்தாளோ அல்ல.