முதலில் படம், அப்புறம் ஊசி, கடைசியில்தான் கத்தி

எலும்பு, தசைக் கட்டிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓர் அறுவை சிகிச்சை நிபுணரின் பதில்கள்

கடிதம் எழுதியவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரே மாதிரி கேள்விகள் பல வந்திருந்தன. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்கு 13 வயது. ஃபுட்பால் விளையாடுவான். இரண்டு மாதமாக இடது முழங்காலுக்கு மேலே வலி என்கிறான். விளையாட்டில் அடிபட்டதுதான் என்று நினைத்து வலி மாத்திரை கொடுத்தோம். மாத்திரை போட்டால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. சில ராத்திரி தூக்கத்தில் எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வளரும் வயதில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். சின்னப் பையனுக்கு எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு கெடுதல் இல்லையா?

பதில்: அம்மா, இந்த வாரமே எடுத்துவிடுங்கள். முழங்கால் எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சு, இயற்கையாகவே ஒரு நாளில் நம் மேல் படுவதை விடக் குறைவு. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் கேளுங்கள். தொடை எலும்பின் கீழ்ப்பாதி முழுவதும் படத்தில் விழ வேண்டும்.

வளர்ச்சி வலி என்பது உண்மையிலேயே உண்டு. அதுவும் சில நேரம் ராத்திரி எழுப்பும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று இடம் மாறும், விடிந்தால் சுவடு தெரியாமல் போய்விடும். அந்தப் பிள்ளை காலையில் எழுந்து ஓடும். உங்கள் மகனுக்கு ஒரே கால், ஒரே இடம், இரண்டு மாதம். இதை நான் சகஜம் என்று விடமாட்டேன்.

ஃபுட்பாலைக் குற்றம் சொல்ல வேண்டாம். என்னிடம் வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் வீட்டில் ஓர் அடிபட்ட கதை இருக்கும். அடியால் கட்டி வருவதில்லை. ஏற்கெனவே அங்கே இருப்பதை அடி வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதை கையில் இருப்பதாலேயே பெற்றோரும் மருத்துவர்களும் சுளுக்கு என்று நம்பி வாரக்கணக்கில் காத்திருந்துவிடுகிறோம்.

நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள், எலும்பு வேகமாக வளரும் காலத்தில்தான் அதிகம் வருகிறது. அதற்குப் பிடித்த இடமும் முழங்காலைச் சுற்றித்தான்: தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. அதற்கு அடுத்தபடியாகத் தோள்பட்டைப் பக்கம். அதற்காக உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இது மிக அரிதான நோய். இதே வலியைக் கொடுக்கும் சாதுவான கட்டிகளும் உண்டு. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்று ஒன்று இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் ராத்திரியில் உயிரை வாங்கும். ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டால் சொல்லிவைத்தாற்போல வலி அடங்கும். அதற்குக் கத்தியே வேண்டாம். சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஓர் ஊசியை உள்ளே விட்டு, வெப்பத்தால் அந்தப் புள்ளியைச் சுட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று, எலும்பிலிருந்து முளை போல வளரும் ஆஸ்டியோகாண்ட்ரோமா. தொந்தரவு இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். வளர்ச்சி நின்ற பிறகும் அது பெரிதானால் மட்டும் காட்ட வேண்டும்.

எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரித்த மாதிரி இருந்தாலோ, மேலுறை தூக்கிக்கொண்டு முக்கோணமாகத் தெரிந்தாலோ, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருந்தாலோ, அடுத்தது எம்ஆர்ஐ. முழங்காலை மட்டும் எடுத்தால் போதாது. அந்த எலும்பு முழுவதையும், மேல் மூட்டிலிருந்து கீழ் மூட்டு வரை எடுக்க வேண்டும், ஏனென்றால் அதே எலும்பில் தள்ளி இன்னொரு புள்ளி ஒளிந்திருக்கலாம். எக்ஸ்ரே நன்றாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால்? அப்போதும் எம்ஆர்ஐ கேளுங்கள். அதுவரை அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிட வேண்டாம். ஓட விட வேண்டாம், அரித்த எலும்பு சட்டென்று முறியும்.

கேள்வி: எனக்கு 46 வயது. வலது தொடையின் உள்பக்கம் ஒரு கட்டி. ஒரு வருடமாக இருக்கிறது. முதலில் கோலிக்குண்டு அளவு, இப்போது டென்னிஸ் பந்து அளவு. வலி கொஞ்சமும் இல்லை. கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். இதற்கு நடுவில் ஒருவர், ஊசி பட்டால் கேன்சராக இருந்தால் பரவிவிடும், தொடவே கூடாது என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் கேட்காதீர்கள் ஐயா. அரை மணி நேர ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், தொடாமலும் விட்டுவிடாதீர்கள்.

வலி இல்லை என்பதை எல்லோரும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் பிறக்கும் புற்றை சார்கோமா என்கிறோம். தசைப் பகுதியில் வரும் சார்கோமா பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நான் கேட்பது வேறு. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? வளர்கிறதா? ஆழத்தில் இருக்கிறதா? முன்பு எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறதா? உங்கள் கட்டி முதல் இரண்டுக்கும் ஆமாம் என்கிறது. மூன்றாவதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தொடையைத் தளர்த்திவிட்டுக் கட்டியை விரலால் நகர்த்துங்கள். பிறகு தொடைத் தசையை இறுக்கிக்கொண்டு நகர்த்துங்கள். இறுக்கியதும் கட்டி அசையாமல் நின்றால் அது தோலுக்கு அடியில் மட்டும் இல்லை, தசைக்குள் இருக்கிறது. கொழுப்புக் கட்டி பொதுவாக மெத்தென்று, வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படியே ஓடினாலும் உங்கள் அளவுக்கு எம்ஆர்ஐ எடுக்காமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

சார்கோமா என்று தெரியாமல் தோண்டி எடுத்தால் என்ன ஆகும்? கட்டியைச் சுற்றி ஓர் உறை போலத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு முழுசாக எடுத்துவிட்டோம் என்று நினைப்போம். அந்த உறையே புற்றின் பகுதிதான். செல்கள் அங்கேயே தங்கிவிடும், ரத்தம் பரவிய இடமெல்லாம் போய்ச் சேரும். பிறகு அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி அகலமாக வெட்ட வேண்டும். தோலோ தசையோ வேறிடத்திலிருந்து கொண்டுவந்து மூட வேண்டிவரும்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது, ஓர் இளைஞரின் தொடைக் கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுக்கும் வேலை, அதாவது பயாப்சி, எனக்கு வந்தது. தழும்பு தெரியக் கூடாது என்று குறுக்குவாட்டில் கீறி, கவனமாகத் தையல் போட்டேன். சார்கோமா என்று முடிவு வந்தது. என் ஆசிரியர் அந்தத் தழும்பைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. பேனாவை எடுத்து, தான் ஆபரேஷனில் வைக்கப்போகும் கீறலைத் தொடையின் நீளவாக்கில் வரைந்தார். என் தழும்பு அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. ஊசியோ கத்தியோ போன வழி முழுவதையும் கட்டியோடு சேர்த்து எடுத்தாக வேண்டும், அந்த வழியில் செல்கள் சிந்தியிருக்கலாம். என் குறுக்குக் கீறலால் அந்த இளைஞருக்குத் தேவைக்கு மேல் தோலும் தசையும் போனது. கால் தப்பியது. அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை. இன்றும் பயாப்சிக்கு முன்னால் முதலில் பேனாவைத்தான் எடுக்கிறேன்.

நான் மட்டும் செய்த தவறு இல்லை இது. அமெரிக்க எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்றி மேன்கினும் அவரது குழுவினரும் 1982-இல் 329 நோயாளிகளின் பயாப்சிகளை அலசிப் பார்த்தார்கள். நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு, பயாப்சி சரியாகச் செய்யப்படாததாலேயே தேவையில்லாமல் கையையோ காலையோ எடுக்க நேர்ந்திருந்தது. 1996-இல் 597 பேரை வைத்து மறுபடி பார்த்தபோதும் நிலைமை பெரிதாகத் திருந்தியிருக்கவில்லை. கடைசி ஆபரேஷனைச் செய்யும் இடத்திலேயே பயாப்சியையும் செய்தவர்களுக்குச் சிக்கல் பல மடங்கு குறைவாக இருந்தது.

ஆகவே உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சரியான இடத்தில், சரியான கோட்டில் போடும் ஊசி நோயைப் பரப்பிவிடும் என்று பயந்து அதைத் தவிர்த்தால், எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். சற்றுத் தடிமனான ஊசியால் நூல் போலச் சதைத் துண்டுகள் எடுப்பார்கள், பெரும்பாலும் தையல்கூட வேண்டாம். எம்ஆர்ஐ எடுத்த பிறகு மட்டும் செய்துகொள்ளுங்கள், முன்னால் செய்தால் ரத்தக்கட்டு படத்தைக் குழப்பும். யார் ஆபரேஷன் செய்யப்போகிறாரோ அவரே ஊசி போகும் இடத்தைக் குறிக்கட்டும். ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் ஸ்லைடுகளையும், சதைத் துண்டைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, சார்கோமா பார்த்துப் பழகிய இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். எந்த மருத்துவரும் இதற்குக் கோபப்படக் கூடாது.

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. தொடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா என்று உறுதியாகிவிட்டது. நுரையீரல் சிடியில் எதுவும் இல்லை. உடனே ஆபரேஷன் செய்யாமல் முதலில் கீமோ என்கிறார்கள். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டரை மாதம் காத்திருப்பதா? காலை எடுத்துவிடுவார்களா? அவனிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

பதில்: தாமதம் செய்யவில்லை அம்மா, உங்கள் மருத்துவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். இந்த நோய் கண்டுபிடிக்கும்போதே, ஸ்கேனில் தெரியாத அளவில் செல்கள் பெரும்பாலும் ரத்தத்தோடு கிளம்பியிருக்கும். கீமோ இல்லாத காலத்தில், படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தவர்களுக்குக்கூடக் காலை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் பிழைத்தவர்கள் ஐந்தில் ஒருவர் இருந்தால் அதிகம். இன்று, நோய் ஒரே இடத்தில் இருந்தால் மூன்றில் இரண்டு பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது கீமோ. மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகளை ஆபரேஷனுக்கு முன்னால் சுமார் பத்து வாரமும், பிறகு மாதக்கணக்கிலும் கொடுப்பார்கள். எடுத்த கட்டியை வெட்டிப் பார்க்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செத்திருந்தால் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கனடாவைச் சேர்ந்த டெரி ஃபாக்ஸைப் பற்றி நீங்கள் இதற்குள் படித்திருப்பீர்கள். 1977-இல், 18 வயதில், இதே நோயால் வலது காலை இழந்தவர். 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாட்கள் ஓடினார். நோய் நுரையீரலுக்குத் திரும்பியதால் 1981-இல் இறந்தார். உங்கள் தம்பியும் இதைத் தேடிப் படிப்பான் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அது கீமோ கைகூடிவந்த ஆரம்ப ஆண்டுகளில் நடந்தது என்பதையும் சேர்த்தே அவனிடம் சொல்லுங்கள். இன்று நுரையீரலில் ஒன்றிரண்டு புள்ளிகள் வந்தாலும், அவற்றை ஆபரேஷன் செய்து எடுத்து, பிறகு வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு.

கால்? பெரும்பாலானவர்களுக்கு இப்போது காலைக் காப்பாற்ற முடிகிறது. நோயுள்ள எலும்பை மூட்டோடு எடுத்துவிட்டு, உலோகத்தால் செய்த எலும்பும் மூட்டும் வைக்கிறோம். முக்கிய ரத்தக்குழாயும் நரம்பும் கட்டிக்குள் சிக்கியிருந்தால் மட்டும் காலை எடுப்பது பாதுகாப்பு. உலோக மூட்டு ஆயுளுக்கும் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கிருமி தொற்றலாம், தளரலாம், மாற்ற வேண்டிவரலாம்.

கீமோ தொடங்கும் முன் இரண்டு விஷயம். அவசரத்தில் இவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, உங்கள் தம்பி விந்தணுவைச் சேமித்துவைக்க வேண்டும், இந்த மருந்துகள் பிற்காலத்தில் குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம். அக்கா முன்னால் பேசக் கூச்சப்படுவான், மருத்துவரைத் தனியாகப் பேசச் சொல்லுங்கள். இன்னொன்று, இதயத்துக்கு எக்கோ, காதுக்குக் கேட்கும் திறன் பரிசோதனை. டாக்ஸோரூபிசின் இதயத்தையும் சிஸ்பிளாட்டின் காதையும் தொடும்.

அவனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். 19 வயதுப் பையனுக்கு வீட்டில் எல்லோரும் சமையலறையில் போய்க் குசுகுசுப்பது ஸ்கேன் ரிப்போர்ட்டை விடப் பயமாக இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. படியில் இறங்கும்போது கால் லேசாகத் திரும்பியது, தொடை எலும்பு முறிந்துவிட்டது. விழவே இல்லை. இரண்டு நாளில் எலும்புக்குள் ராடு (உலோகக் கம்பி) போடப்போகிறார்கள். எக்ஸ்ரேயில் முறிந்த இடம் பூச்சி அரித்த மாதிரி இருக்கிறதென்றும் ஒருவர் சொன்னார். ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கடிதத்துக்கு வந்த அன்றே ஆசிரியர் குழு மூலம் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் தருகிறேன். விழாமல் முறிந்த எலும்பு ஏற்கெனவே நோயுற்ற எலும்பு. இந்த வயதில் பெரும்பாலும் அது நுரையீரல், சிறுநீரகம், புராஸ்டேட், தைராய்டு போன்ற இடத்திலிருந்து பரவியதாகவோ, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றாகவோ இருக்கும். அப்படித் தெரிந்துவிட்டால் ராடு நல்ல வைத்தியம்தான், வலியைக் குறைத்து நடக்க வைக்கும். ஆனால் அபூர்வமாக அது எலும்பிலேயே பிறந்த சார்கோமாவாக இருந்தால், ராடு உள்ளே போகும்போது புற்றுச் செல்களை எலும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போகும். பிறகு காலைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

ஆகவே காலை அசையாமல் கட்டிவைத்து, வலிக்கு மருந்து கொடுத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். மார்பு, வயிற்று சிடி ஸ்கேன், மைலோமாவுக்கான ரத்தப் பரிசோதனை, கால்சியம் அளவு, புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் பயாப்சி. இதற்கு ஒரு வாரம் ஆகலாம். ஆபரேஷன் செய்யும் மருத்துவரிடம், "இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதா டாக்டர்?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.